டிராயருக்குள் விழுந்த கறை: பெக்கரல் கண்டுபிடித்த கண்ணுக்குத் தெரியாத கதிர் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

சில பொருட்கள் தாமாகவே கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கொண்டிருப்பதற்குக் கதிரியக்கம் என்று பெயர். அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கூட வந்த பெரியவர்களும் பேச்சு முடிந்ததும் தனியாக வந்து, குரலைத் தணித்துக்கொண்டு, இவற்றில் சிலவற்றைக் கேட்பார்கள். அதனால் வயது பார்க்காமல் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கண்ணுக்கே தெரியாதென்றால், அப்படி ஒன்று இருப்பது எப்படித் தெரிந்தது?

ராத்திரி வாசலில் கோலமாவு சிந்திக் கிடக்கிறது. காலையில் பார்த்தால் அதன் மேல் நாலைந்து குட்டிக் கால்தடங்கள். பூனையை யாரும் பார்க்கவில்லை. ஆனால் பூனை வந்து போனதில் சந்தேகமே இல்லை.

இந்தக் கதையில் கோலமாவின் வேலையைச் செய்தது ஒளிப்படத் தகடு. செல்போன் கேமராவுக்கு முன்னால் பிலிம் ரோல் இருந்தது, அதற்கும் முன்னால் கண்ணாடித் தகடு. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளி புரோமைடு என்ற உப்பைக் கூழில் கலந்து பூசியிருப்பார்கள். அதில் வெளிச்சம் பட்டாலும் உடனே எதுவும் தெரியாது. இருட்டறையில் ரசாயனக் கரைசலில் கழுவினால்தான் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும், படாத இடம் தெளிவாக நிற்கும். ‘பிலிமைக் கழுவக் கொடுத்திருக்கிறேன்’ என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கழுவல்தான் இது.

அந்தத் தகட்டை வெளிச்சமே புகாதபடி கறுப்புத் தாளில் சுற்றி வைத்துவிட்டீர்கள். இருந்தும், கழுவிப் பார்த்தால் ஓரிடம் கறுத்திருக்கிறது. அப்படியானால் வெளிச்சமல்லாத ஏதோ ஒன்று தாளைத் தாண்டி உள்ளே போய் வந்திருக்கிறது. 1896-ல் பாரிஸில் நடந்தது இதுதான்.

யார் இந்தப் பெக்கரல்?

ஆன்றி பெக்கரல். பாடப்புத்தகத்தில் ‘ஹென்றி’ என்று இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஹ’ ஒலியை உச்சரிப்பதில்லை, அதனால் அவர் ஊரில் அவர் ஆன்றிதான். 1852 டிசம்பர் 15 அன்று பாரிஸில் பிறந்தார். படித்தது பொறியியல்.

அவர்களுடையது வழிவழியாக ஒரே தொழில் பார்த்த குடும்பம். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவியில் முதலில் தாத்தா இருந்தார், அடுத்து அப்பா, 1892 முதல் ஆன்றி, அவருக்குப் பின் அவருடைய மகன். நான்கு தலைமுறையாக ஒரே நாற்காலி! அப்பா எட்மோன் பெக்கரலுக்கு ஒளிரும் பொருட்கள் என்றால் உயிர். அவற்றில் யுரேனியம் என்ற உலோகத்தின் உப்புகளும் உண்டு. ஆகவே யுரேனிய உப்பைத் தேடி மகன் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

ஒளிரும் பொருள் என்றால் என்ன? விளக்கு மாதிரியா?

விளக்கு மாதிரி இல்லை. சிலர் வீட்டில் படுக்கையறைக் கூரையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். விளக்கை அணைத்ததும் அது பச்சையாக மினுங்கும். பகலில் வாங்கிக்கொண்ட வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. சில பொருட்கள் இப்படி மணிக்கணக்கில் கொடுக்கும். சில பொருட்கள் வெளிச்சம் நின்ற மறுகணமே நிறுத்திவிடும். பெக்கரல் வைத்திருந்த உப்பு இரண்டாவது வகை. வெளிச்சத்தை மறைத்தால் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அதன் ஒளிர்வு நின்றுவிடும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

எக்ஸ்ரேயிலிருந்து. 1895 நவம்பரில் ஜெர்மனியில் வுர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். கையின் எலும்பு தெரிகிற படத்தைப் பார்த்து உலகமே வாய்பிளந்தது. 1896 ஜனவரி 20 அன்று பாரிஸ் அறிவியல் அகாதெமிக் கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டினார்கள். பெக்கரலும் அங்கே இருந்தார். இந்தக் கதிர் குழாயில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கேட்டார். கண்ணாடிக் குழாயின் சுவர் பளபளவென்று ஒளிரும் இடத்திலிருந்து என்று பதில் வந்தது.

உடனே ஒரு கணக்குப் போட்டார். ஒளிரும் இடத்திலிருந்து எக்ஸ்ரே வருகிறதென்றால், ஒளிரும் பொருட்கள் எல்லாமே கொஞ்சம் எக்ஸ்ரேயை வெளிவிடுமோ? இந்தக் கணக்கு தப்பு. எக்ஸ்ரேக்கும் ஒளிர்வுக்கும் அப்படி ஒரு சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்தத் தப்புக் கணக்குதான் அவரைச் சரியான உப்பிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

முதல் சோதனையை எப்படிச் செய்தார்?

ஒளிப்படத் தகட்டைத் தடித்த கறுப்புத் தாள் இரண்டில் சுற்றினார். நாள் முழுக்க வெயிலில் வைத்தாலும் தகடு கறுக்காத அளவுக்குத் தடித்த தாள். அதன் மேல் யுரேனிய உப்பின் படிகத்தை வைத்து, சில மணி நேரம் வெயிலில் காட்டினார். வெயில் பட்டால் உப்பு ஒளிரும், ஒளிர்ந்தால் எக்ஸ்ரே வரும், எக்ஸ்ரே தாளைத் துளைத்துத் தகட்டைக் கறுக்க வைக்கும் என்பது எதிர்பார்ப்பு. கழுவிப் பார்த்தார். படிகம் இருந்த இடம் நிழலுருவாகக் கறுத்திருந்தது. நடுவில் ஒரு நாணயத்தை வைத்தபோது நாணயத்தின் உருவமும் விழுந்தது.

வெயில் சூட்டில் உப்பிலிருந்து ஏதாவது ஆவி கிளம்பித் தகட்டைக் கெடுத்திருந்தால்? அந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. நடுவில் மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்தும் செய்து பார்த்தார். கறை வந்தது. பிப்ரவரி 24 அன்று அகாதெமியில் இதை அறிவித்தார். சூரிய ஒளியால் தூண்டப்பட்ட உப்பு ஊடுருவும் கதிரை வெளிவிடுகிறது என்பதே அவர் அன்று வந்திருந்த முடிவு.

அவர் பயன்படுத்தியது லூமியேர் கம்பெனித் தகடு. இரண்டு மாதம் முன்பு, 1895 டிசம்பர் 28 அன்று, அதே பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு சினிமா காட்டினார்களே, அந்த லூமியேர் சகோதரர்களின் குடும்பக் கம்பெனிதான்.

பிறகு மேகம் வந்தது என்கிறார்களே, அந்தக் கதையைச் சொல்லுங்கள்!

1896 பிப்ரவரி 26, புதன்கிழமை. சோதனையை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமென்று புதிய தகடுகளைத் தயார் செய்திருந்தார். ஒன்றில் உப்புக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய செம்புச் சிலுவை ஒன்றை வைத்திருந்தார். ஆனால் பாரிஸ் வானம் ஒத்துழைக்கவில்லை. அன்றும் மறுநாளும் சூரியன் எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாகவே இருந்தது. குளிர்காலப் பாரிஸில் இது அதிசயமில்லை.

வெயில் வரட்டும் என்று, எல்லாவற்றையும் வைத்தது வைத்தபடியே மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். டிராயருக்குள் இருட்டு. உப்பு தகட்டின் மேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை போயிற்று, சனிக்கிழமை போயிற்று. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள். மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. அன்று அவர் தகடுகளை எடுத்துக் கழுவினார். மேகத்தினூடே வந்த அரைகுறை வெளிச்சத்துக்கு மங்கலாக ஏதாவது தெரியலாம் என்று நினைத்துத்தான் கழுவினார்.

மங்கலா? அடர்த்தியான கறை! படிகத்தின் உருவம் திட்டமாகத் தெரிந்தது. செம்பு மறைத்த இடத்தில் சிலுவையும் தெரிந்தது.

இப்போது அந்த நூறில் ஒரு பங்கு நொடியை நினைத்துப் பாருங்கள். டிராயரை மூடியதுமே உப்பு ஒளிர்வதை நிறுத்தியிருக்கும். நாட்கணக்கில் இருட்டில் கிடந்திருக்கிறது, வெயிலும் இல்லை, ஒளிர்வும் இல்லை. அப்புறம் தகட்டைக் கறுக்க வைத்தது எது?

மறுநாள் திங்கட்கிழமை அகாதெமிக் கூட்டம். நேரே போய்ச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் இது அதிர்ஷ்டம்தானே?

நிறைய பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மேகம் வந்தது அதிர்ஷ்டம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். வெயில் சரியாகப் படாத தகட்டைக் கழுவிப் பார்த்தது அதிர்ஷ்டமா? நம்மில் எத்தனை பேர் அந்தத் தகடுகளை ‘வீண்’ என்று ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருப்போம்! அவர் ஏன் கழுவினார் என்பதற்கு, திங்கட்கிழமைக் கூட்டத்துக்குச் சொல்ல ஏதாவது வேண்டும் என்ற அவசரம், பொறுமையின்மை, வழக்கமான கவனம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எதுவாயினும், கழுவினார்.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து அவர் செய்தது. அன்றே இருட்டறைக்குள் புதிய சோதனை ஒன்றை ஆரம்பித்தார். அட்டைப்பெட்டிக்குள் தகடு, அதன் மேல் உப்பு. ஒரு படிகம் நேரே தகட்டைத் தொட்டபடி, இன்னொன்றுக்கு அடியில் கண்ணாடி. அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள், அந்தப் பெட்டி டிராயருக்குள். இந்த முறை ஒரு துளி வெயில்கூடப் படவில்லை. ஐந்து மணி நேரம் கழித்துக் கழுவினார். கறை இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் தானே அகாதெமியில் சொன்ன ‘சூரியன் தூண்டுகிறது’ என்ற கருத்தைத் தன் கையாலேயே உடைத்துவிட்டார்.

கதிர் யுரேனியத்திலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்? உப்பில் வேறு பொருளும் இருக்குமே?

இதைக் கேட்ட பெண்ணுக்கு ஏழு வயது. நல்ல கேள்வி! அவர் வைத்திருந்தது பொட்டாசியம் யுரேனைல் சல்ஃபேட். அதில் பொட்டாசியம், கந்தகம், ஆக்சிஜன் எல்லாமே உண்டு. ஆகவே ஒவ்வொரு உப்பாக மாற்றிப் பார்த்தார். யுரேனியம் இல்லாத ஒளிரும் பொருட்கள் இந்தக் கதிரைத் தரவில்லை. ஒளிராத யுரேனிய உப்புகளோ தந்தன. கடைசியில் வேதியியலாளர் ஆன்றி முவாசான் தயாரித்த யுரேனிய உலோகத்தையே எடுத்து வைத்துப் பார்த்தார். உப்பைவிடக் கதிர் அதிகமாகவே வந்தது. இது 1896 மே மாதம். குற்றவாளி யுரேனியம்தான் என்பது அதோடு முடிவானது.

யுரேனியம் என்ற தனிமத்தை 1789-ல் ஜெர்மனியின் கிளாப்ரோத் கண்டுபிடித்து, எட்டு ஆண்டுக்கு முன் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்திருந்த யுரேனஸ் கோளின் பெயரை வைத்தார். நூறு வருடத்துக்கும் மேலாக அது கண்ணாடிக்கு மஞ்சள் பச்சை நிறமேற்றத்தான் பயன்பட்டது. அந்த நூறு வருடமும் அது கதிர் வீசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

உண்மையிலேயே அதற்கு முன் யாரும் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கு முன்பே, நியெப்ஸ் த சான் விக்தோர் என்ற பிரெஞ்சுக்காரர், இருட்டில் வைத்த யுரேனிய உப்பு ஒளிப்படத் தாளைக் கறுக்கச் செய்வதைக் கவனித்திருக்கிறார். அதன் பொருள் என்னவென்று அப்போது பிடிபடவில்லை. லண்டனில் சில்வேனஸ் தாம்ப்சன் என்பவர் 1896-லேயே, பெக்கரல் செய்த அதே நாட்களில், இதையே பார்த்தார். அறிவிக்கலாம் என்று போனபோது, பாரிஸில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களே என்று தெரியவந்தது. பாவம்!

எக்ஸ்ரேயும் இதுவும் ஒன்றா?

இல்லை. எக்ஸ்ரேக்கு ஒரு குழாய் வேண்டும், மின்சாரம் வேண்டும். சுவிட்சை அணைத்தால் எக்ஸ்ரே நின்றுவிடும். யுரேனியத்துக்குச் சுவிட்ச் கிடையாது. சூடாக்கினாலும், குளிரவைத்தாலும், கரைத்தாலும், அரைத்துப் பொடியாக்கினாலும் அது பாட்டுக்கு வீசிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சுவிட்ச் இல்லாத விஷயத்தின் கனம் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. 1896-ல் மட்டும் எக்ஸ்ரேயைப் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. எலும்பு தெரிகிறதே! பெக்கரலின் கதிரில் தெரிந்தது மங்கலான கறைதான். அடுத்த வருடம் அவரே வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மேரி க்யூரிதானே கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார்?

பெயர் வைத்தது அவர். கதவைத் திறந்தது பெக்கரல், உள்ளே போய் விளக்கேற்றியது மேரி க்யூரி என்று சொல்லலாம். 1897-ன் கடைசியில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடியபோது, யாரும் சீண்டாமல் கிடந்த பெக்கரல் கதிர்களை எடுத்துக்கொண்டார். இந்தக் கதிர் பட்ட காற்று மின்சாரத்தைக் கடத்தும் என்று பெக்கரல் முன்பே கண்டிருந்தார். தகட்டுக் கறையின் அடர்த்தியைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதற்குப் பதிலாக, மேரி அந்த நுண்ணிய மின்னோட்டத்தை அளந்தார். அதற்கான கருவியைக் கணவர் பியேரும் பியேரின் அண்ணனும் முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள்.

அளந்தால் ஒரு விசித்திரம். பிட்ச்பிளெண்டு என்ற யுரேனியத் தாது, தூய யுரேனியத்தைவிட அதிகமாகக் கதிர் வீசியது. வடித்த சோற்றைவிடக் கஞ்சியில் அதிகச் சோறு இருக்குமா? அப்படியானால் தாதுவுக்குள் இன்னும் வலுவான வேறு எதுவோ ஒளிந்திருக்கிறது. 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று இரண்டு புதிய தனிமங்களை அறிவித்தார்கள். பிறகு கூரை ஒழுகும் கொட்டகை ஒன்றில் டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சிக் கிளறி, 1902-ல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார் மேரி. 1903 நோபல் பரிசில் பாதி பெக்கரலுக்கு, மீதிப் பாதி க்யூரி தம்பதிக்கு. விழாவுக்குப் பெக்கரல் மட்டும்தான் போனார்.

யுரேனியத்துக்குள் என்னதான் நடக்கிறது?

அணுவின் நடுவே அணுக்கரு. அதில் புரோட்டான், நியூட்ரான். யுரேனியக் கருவில் 92 புரோட்டான், பெரும்பாலான கருக்களில் 146 நியூட்ரான். கூட்டம் பிதுங்கி வழியும் டவுன் பஸ் மாதிரி. புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், இந்தக் கடைசியில் இருப்பது அந்தக் கடைசியில் இருப்பதைக்கூடத் தள்ளும். பிடித்து வைக்கும் விசையோ பக்கத்தில் இருப்பதைத்தான் எட்டும். கூட்டம் சேரச் சேரத் தள்ளுவது ஜெயிக்கிறது. எப்போதாவது ஒரு கரு, இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் கொண்ட ஒரு பொட்டலத்தை வெளியே எறிந்துவிடுகிறது. இதற்கு ஆல்ஃபா என்று பெயர். சில கருக்கள் எலெக்ட்ரானை எறியும், அது பீட்டா. சில வேளை பொருளாக எதுவும் இல்லாமல் வெறும் ஆற்றல் அலையாக வருவது காமா. ஆல்ஃபா, பீட்டா என்று 1899-ல் பிரித்துச் சொன்னவர் இயற்பியலாளர் ரதர்ஃபோர்டு. காமாவை அடுத்த ஆண்டு வில்லார் கண்டார்.

எறிந்த பிறகு அது யுரேனியமே இல்லை, வேறு தனிமம் ஆகிவிடுகிறது. அதுவும் நிலையில்லாமல் இன்னொன்றாக மாறும். இப்படிப் பதினாலு படி இறங்கி ஈயமாகி அடங்கும். ரேடியம் நடுவழியில் வருகிற ஒரு படிதான். தாதுவுக்குள் அது இருந்ததும் அதனால்தான்.

ஆல்ஃபாவைக் கறுப்புத் தாளே தடுத்துவிடும். பெக்கரலின் தகட்டைப் பெரும்பாலும் கறுக்க வைத்தது யுரேனியத்தின் வாரிசுகள் எறிந்த பீட்டாதான்.

பெக்கரல் தப்பே செய்ததில்லையா?

செய்தார். இந்தக் கதிர் ஒளியைப் போலவே எதிரொளிக்கிறது, விலகுகிறது என்றெல்லாம் 1896-ல் அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் வரவில்லை. இது ஒரு வகை நீண்டகால ஒளிர்வுதான் என்ற அப்பா காலத்து எண்ணமும் அவரைவிட்டுச் சீக்கிரம் போகவில்லை. ஆனால் 1900-ல் பீட்டா என்பது எலெக்ட்ரான்தான் என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு ஆபத்து எதுவும் வரவில்லையா?

1901-ல், க்யூரி தம்பதியிடமிருந்து வாங்கிய ரேடியக் குழாயைச் சட்டைப்பையில் சில மணி நேரம் வைத்திருந்தார். வலியில்லை, சூடும் இல்லை. சில நாள் கழித்து அந்த இடத்துத் தோல் சிவந்து புண்ணானது, ஆறப் பல வாரங்கள் பிடித்தன. பியேர் க்யூரி தன் கையிலேயே ரேடியத்தை வைத்துப் பார்த்துப் புண் வாங்கிக்கொண்டார். இருவரும் சேர்ந்து அதை ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். மேரி க்யூரியின் குறிப்பேடுகள் இன்றும் கதிர் வீசுகின்றன, ஈயம் பூசிய பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். பெக்கரல் 1908 ஆகஸ்ட் 25 அன்று, 55 வயதில் இறந்தார்.

புற்றுநோய்க்குக் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்களே, அது இதுதானா?

ஆமாம், இதன் சொந்தம்தான். பெயர்தான் கரண்ட், ஷாக் எதுவும் கிடையாது. தோலைப் புண்ணாக்கும் கதிர், புற்றுக் கட்டியின் செல்லையும் கொல்லும் என்பதை மருத்துவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் காமாக் கதிரைக் கட்டியின் மேல் குறிபார்த்துச் செலுத்தும் இயந்திரங்கள் உண்டு. இப்போது பல மருத்துவமனைகளில் மின்சாரத்தால் வலுவான எக்ஸ்ரேயை உண்டாக்கும் இயந்திரமே இருக்கிறது. வெளியிலிருந்து கதிர் வைத்துக்கொண்டு வந்த பாட்டியைத் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். வெளிச்சம் பட்ட சுவர் விளக்காகிவிடாதது போல, பாட்டியும் கதிர் வீச மாட்டார்.

வண்டியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் இருக்கிறதா?

துளிகூட இல்லை. அது எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் தாள், அவ்வளவுதான். பழைய கைக்கடிகாரங்களில் முள்ளும் எண்ணும் இருட்டில் தெரிவதற்காக உண்மையாகவே ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். இருட்டில் மின்னுவதெல்லாம் ரேடியம் என்ற பேச்சு நம்மிடம் தங்கிவிட்டது. அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்த இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிப் பழக்கப்பட்டிருந்தார்கள். பலர் தாடை எலும்பு அரித்து இறந்துபோனார்கள். அவர்களில் சிலர் 1920-களில் கம்பெனிமேல் வழக்குப் போட்டார்கள்.

நம்ம ஊரில் கதிரியக்கம் இருக்கிறதா?

எங்கும் இருக்கிறது. ஒரு வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியத்தில், நொடிக்கு ஏறக்குறைய 15 அணுக்கள் சிதைகின்றன. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அதற்கு ஒரு பெக்கரல் என்றே அலகு வைத்திருக்கிறார்கள், ஆக வாழைப்பழம் 15 பெக்கரல். வளர்ந்த ஒருவர் உடம்பில் பொட்டாசியத்தால் மட்டும் ஏறக்குறைய 4,000 பெக்கரல். பயப்படாமல் பழத்தைச் சாப்பிடுங்கள், உடம்பு தேவைக்கு மேற்பட்ட பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதில் தோரியம் உண்டு, அதுவும் யுரேனியம் போலக் கதிர் வீசும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். அன்று தோரியம் வேண்டியிருந்தது அணு உலைக்கல்ல, விளக்கு மேண்டிலுக்கு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் பளீரென்று எரியுமே, அந்த வெள்ளைப் பை!

செல்போன் டவர் கதிரும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் பலம் அதற்குக் கிடையாது. யுரேனியக் கதிருக்கு உண்டு. ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவதால் வருகிற குழப்பம் இது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

யுரேனியத்தை வைத்து வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வேறொன்றைப் பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, போன் திரையில் வெளிறிய ஊதாப் புள்ளி மினுங்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்பி கேமராவில் முயலுங்கள். அது அகச்சிவப்புக் கதிர், 1800-ல் ஹெர்ஷல் வெப்பமானி வைத்துக் கண்டுபிடித்தது. ஆம், அதே யுரேனஸ் ஹெர்ஷல்தான்.

‘அரை ஆயுள்’ என்றால் என்ன?

தாயம் ஆட ஒரு பக்கம் உரசி வைத்த புளியங்கொட்டை இருக்கிறதா? அறுபது எழுபது சேர்த்துக் குலுக்கிப் போடுங்கள். வெள்ளைப் பக்கம் விழுந்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய பாதி போய்விடும். மிச்சத்தைத் திரும்பக் குலுக்குங்கள், அதிலும் பாதி போகும். எந்தக் கொட்டை எந்த முறை விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் பாதி என்பது மாறாது. கதிரியக்க அணுக்களும் இப்படியே. பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம் அரை ஆயுள். கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதைச் சொன்னதும் இந்தக் கணக்குதான். அதில் உதவிய கார்பன்-14-க்கு அரை ஆயுள் 5,730 ஆண்டு. ரேடியத்துக்கு 1,600 ஆண்டு. யுரேனியத்துக்கு ஏறக்குறைய 447 கோடி ஆண்டு! பூமியின் வயதே 454 கோடிதான்.

பெக்கரல் வைத்திருந்த யுரேனியம் இப்போதும் கதிர் வீசுமா?

வீசும். ஒரு கிராம் யுரேனியத்தில் நொடிக்கு 12,000-க்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. கேட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் 1896-லிருந்து இன்றுவரை 130 ஆண்டில், பத்துக் கோடி அணுக்களில் இரண்டுதான் போயிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கழுவிய தகட்டின் படம், ஓரத்தில் அவர் கையெழுத்தோடு, இன்றும் புத்தகங்களில் வருகிறது. அதே உப்பை அதேபோலக் கறுப்புத் தாளில் சுற்றிய தகட்டின் மேல் வைத்து இன்று ராத்திரி ஒரு டிராயரில் மூடினால், புதன் முதல் ஞாயிறு வரை காத்திருந்தால் போதும், சிலுவையோடு அதே கறை விழும்.